விற்ற நாவலும் விற்காத நாவலும்

1850 டிசம்பரில் அமெரிக்காவில் சூசன் வார்னரின் 'தி வைட், வைட் வேர்ல்ட்' வந்தது. தாயைப் பிரியும் சிறுமி, கண்ணீர், பக்தி என எல்லாம் வாசகர்களுக்குப் பழகிய உணர்ச்சிகள். பதிப்புக்கு மேல் பதிப்பாக விற்றது. அடுத்த ஆண்டே ஹெர்மன் மெல்வில்லின் திமிங்கில வேட்டை நாவல் 'மோபி டிக்'. கதை ஓடும்போதே திமிங்கிலங்களை வகைபிரிக்க ஒரு முழு அத்தியாயம், நடுவில் நாடகம் போல மேடைக் குறிப்புகள்! பலருக்குப் பொறுமை இல்லை. 1891இல் மெல்வில் இறந்தபோது அவரை ஏறக்குறைய மறந்தே விட்டார்கள். 1920களில்தான் திரும்பிப் பார்த்தார்கள்.

வார்னரை மட்டமாகச் சொல்ல மாட்டேன். அம்மாவுக்காகச் சிறுமி தேநீர் தயாரிக்கும் காட்சி அவ்வளவு நுணுக்கம். ஆனால் அடுத்த பக்கத்தில் என்ன வரும் என்று ஊகித்துவிடலாம். மெல்வில்லிடம் அது நடக்காது. இரண்டில் ஒன்று என்றால் மெல்வில்லைத்தான் எடுப்பேன்.