படகு நிரம்பியும் இடம் காட்டிய தளம்: ட்ரூபல் கேஷுடன் என் அனுபவம்

திருகோணமலை நிலாவெளியில் உள்ள ஒரு விடுதியின் இணையத்தளத்தை 2019 முதல் ட்ரூபல் என்ற இணையத்தள மென்பொருளில் பராமரித்து வருகிறேன். அறை வாடகையையும் புறாத்தீவுக்குப் போகும் படகுகளில் எஞ்சியுள்ள இடங்களையும் பார்க்கவே பெரும்பாலானோர் அதற்குள் வருகிறார்கள். சிறிய பகிர்வு சேர்வரில் ஓடும் தளம் என்பதால், ஒருமுறை உருவாக்கிய பக்கத்தைச் சேமித்து வைத்து மீண்டும் கொடுக்கும் கேஷ் இல்லாமல் சீசனைத் தாங்காது.

முதல் சீசனில் ஒரு காலை, படகு நிரம்பிய பின்னரும் நான்கு இடம் இருப்பதாகத் தளம் காட்ட, அதை நம்பி மட்டக்களப்பிலிருந்து விடியப் புறப்பட்டு வந்த குடும்பமொன்று கரையில் நின்றது. நான் லொகின் செய்து பார்த்தபோது எல்லாம் சரியாக இருந்தது. விடுதிக்காரரோ, "தம்பி, என்ர போனில இன்னும் நாலு இடம் எண்டுதான் நிக்குது" என்று திரையை நீட்டினார்.

எஞ்சிய இடங்களைக் காட்டும் பக்கப் பகுதியை, அதாவது அந்தப் பிளாக்கை, கேஷில் சேமிக்கவே கூடாது என்று அதன் ஆயுளை நான் பூச்சியமாக வைத்திருந்தேன். லொகின் செய்தவர்களுக்கும் பயன்படும் டைனமிக் பேஜ் கேஷ் அதை மதிக்கிறது. ஆனால் லொகின் செய்யாதவர்களுக்காக முழுப் பக்கத்தையும் சேமிக்கும் இன்டர்னல் பேஜ் கேஷ் அந்த ஆயுளைப் பார்ப்பதில்லை. பக்கம் எந்தத் தகவலைச் சார்ந்தது என்று குறிக்கும் அடையாளமான கேஷ் டேக் செல்லாததாகும் வரை பழைய பக்கத்தையே கொடுக்கும். ட்ரூபலில் எழுதிய கட்டுரையைத் திருத்தினால் அதன் டேக் தானாகவே செல்லாததாகிவிடும். படகுப் பதிவுகளோ நான் தனியாக அமைத்த அட்டவணையில் இருந்தன. அவை மாறியதை ட்ரூபல் அறிய வழியே இருக்கவில்லை.

மணிக்கொரு தடவை கேஷ் முழுவதையும் அழிக்கும்படி வைத்தேன். அது தவறான மருந்து. ஒவ்வொரு அழிப்புக்கும் பின்னர் முதலில் வருபவர் எல்லாப் பக்கப் பகுதிகளும் மீண்டும் உருவாகும் வரை காத்திருந்தார். இடைப்பட்ட நேரத்தில் பழைய தகவலும் தொடர்ந்தது. பிறகுதான் அந்தப் பிளாக்குக்குச் சொந்த டேக் ஒன்றைக் கொடுத்து, படகுப் பதிவு சேமிக்கப்படும் இடத்திலேயே அதைச் செல்லாததாக்கும் ஒரு வரியை எழுதினேன். அன்றிலிருந்து அந்தப் பிளாக் உள்ள பக்கங்கள் மட்டுமே புதிதாக உருவாகின்றன.

பராமரிப்பில், குறித்த இடைவெளியில் தானாக ஓடும் பணியான கிரானை மறக்க வேண்டாம். ட்ரூபலின் 8.4 பதிப்பிலிருந்து, தரவுத்தளத்தில் உள்ள ஒவ்வொரு கேஷ் அட்டவணையையும் இயல்பாக 5000 வரிகளுக்குள் அடக்குவது கிரான்தான். அது நின்றால் அட்டவணைகள் பெருத்துக்கொண்டே போகும்.

பிரவுசருக்கான கேஷ் காலத்தையும் பூச்சியமாகவே வைத்திருக்கிறேன். அதை ஒரு மணித்தியாலம் என்று வைத்தால், சேர்வரில் டேக் செல்லாததான பின்னரும் விடுதிக்காரரின் போன் அந்த ஒரு மணித்தியாலம் வரை பழைய பக்கத்தையே காட்டக்கூடும்.