சுடுவதா, புளிக்கவைப்பதா, கரைப்பதா? தாவரக் கழிவிலிருந்து ரசாயனம் எடுக்கும் வழிகள்

கரும்புச் சக்கை, சோளத்தட்டை, மரத்தூள், எதை எடுத்தாலும் அதன் உலர் எடையில் சுமார் 40 சதவீதம் ஆக்சிஜன். கச்சா எண்ணெயில் ஆக்சிஜன் அநேகமாக இல்லை. பெட்ரோலிய ரசாயனங்களுக்கு மாற்று தேடும் பல்கலைக்கழக ஆய்வுகளை ஒப்பிடும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான். இந்த ஆக்சிஜனை என்ன செய்கிறார்கள்? அதைத் துரத்தும்போது கூடவே எவ்வளவு கார்பன் போய்விடுகிறது?

முதலில் சுடும் வழி. மரத்தூளைக் காற்றில்லாமல் 500 டிகிரி செல்சியஸ் வாக்கில் ஓரிரு விநாடி சூடாக்கி, கிளம்பும் ஆவியைச் சட்டென்று குளிர்வித்தால் கறுப்பாக ஒரு எண்ணெய் கிடைக்கும். நன்றாக நடத்தினால் மரத்தின் எடையில் 60, 70 சதவீதம்கூட எண்ணெயாகும். கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் அதில் ஏறக்குறைய கால்வாசி தண்ணீர், மீதியில் அமிலம் நிறைய. சாதாரண எஃகை அரிக்கும், சேமித்து வைத்தால் கெட்டியாகும்.

மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் இருந்தபோது ஜார்ஜ் ஹூபர் குழு இதற்கு ஒரு வழி கண்டது. அதே உலைக்குள் இசட்எஸ்எம்-5 என்ற ஜியோலைட் (நுண்துளைகள் நிறைந்த கனிமம்) வினையூக்கியைப் போட்டார்கள். ஆவி அதன் நுண்துளைகளுக்குள் புகுந்து பென்சீன், டொலுயீன், சைலீனாக வெளியே வருகிறது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வருகிற அதே மூலக்கூறுகள் என்பதால் வாங்குபவரிடம் எதையும் புதிதாக விளக்க வேண்டாம். இந்த வழியின் பெரிய பலம் அதுதான். பலவீனமும் அங்கேதான் இருக்கிறது. ஆக்சிஜன் கார்பன் மோனாக்சைடாகவும் டைஆக்சைடாகவும் போகும்போது கார்பனை இழுத்துக்கொண்டு போகிறது. இன்னொரு பங்கு வினையூக்கியின் மேல் கரியாகப் படிகிறது. பாதிக்கு மேற்பட்ட கார்பன் இப்படிக் கைவிட்டுப் போகும். இதையொத்த தொழில்நுட்பத்தில் பைன் மரத்திலிருந்து எரிபொருள் செய்யப் புறப்பட்ட கியோர் நிறுவனம் அமெரிக்காவின் மிசிசிப்பியில் ஆலை கட்டி, 2014-இல் திவாலானது.

புளிக்கவைக்கும் வழி எல்லோருக்கும் தெரிந்தது, சுருக்கமாகவே சொல்கிறேன். 180 கிராம் குளுக்கோஸைக் கொடுத்தால் ஈஸ்ட் அதிகபட்சம் 92 கிராம் எத்தனால் தரும், 88 கிராம் கார்பன் டைஆக்சைடாகப் போய்விடும். ஆறு கார்பனில் இரண்டு காலி. எத்தனாலை விட்டுவிட்டு லாக்டிக் அமிலத்துக்குப் போனால் கணக்கு தலைகீழாகிறது: ஏட்டளவில் 180 கிராமுக்கு 180 கிராம். ஆனால் சிக்கல் இந்தப் படியில் இல்லை. தட்டைக்குள் பூட்டிக்கிடக்கும் சர்க்கரையை வெளியே எடுக்க முன்பதப்படுத்தலும் விலையுயர்ந்த நொதிகளும் வேண்டும். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் உள்ள நெவாடா ஊரில் மக்காச்சோளத் தட்டையிலிருந்து எத்தனால் எடுக்க டூபாண்ட் என்ற ரசாயன நிறுவனம் 2015-இல் திறந்த ஆலை இரண்டே ஆண்டில் விற்பனைக்கு வந்தது. வைக்கோலிலிருந்து எத்தனால் எடுக்க 2022-இல் பானிபட்டில் திறக்கப்பட்ட இந்தியன் ஆயில் ஆலையும் இதே குடும்பம்தான்.

மூன்றாவது வழியான கரைத்துப் பிரிப்பதில்தான் எனக்கு ஆர்வம் அதிகம். விஸ்கான்சின்-மாடிசன் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் டூமெசிக் குழு, காமா-வேலரோலாக்டோன் என்ற கரைப்பானோடு கொஞ்சம் தண்ணீரும் மிகக் கொஞ்சம் கந்தக அமிலமும் சேர்த்து, நொதியே இல்லாமல் மக்காச்சோளத் தட்டையிலிருந்தும் மரத்திலிருந்தும் 70 முதல் 90 சதவீதம் வரை சர்க்கரை எடுத்துக் காட்டியது. ஆண்டு 2014. அந்தக் கரைப்பானையே தாவரத்திலிருந்து தயாரிக்கலாம் என்பது கூடுதல் வசதி. விலை மலிவில்லை, அதனால் ஏறக்குறைய முழுவதையும் மீட்டுத் திரும்பப் பயன்படுத்தினால்தான் கட்டுப்படியாகும்.

சர்க்கரை கைக்கு வந்தபின் அதிலிருந்து தண்ணீரை மட்டும் நீக்கினால் ஆறு கார்பனும் அப்படியே இருக்கும். 180 கிராமிலிருந்து ஹைட்ராக்சிமெத்தில்ஃபர்ஃபுரல் என்ற இடைப்பொருள் 126 கிராம் வரை கிடைக்கும். அதை ஆக்சிஜனேற்றம் செய்தால் பெட் பாட்டிலின் டெரெஃப்தாலிக் அமிலத்துக்கு மாற்றான ஃபியூரான் அமிலம் கிடைக்கிறது. தாவரத்தில் இருக்கும் இன்னொரு வகையான ஐந்து கார்பன் சர்க்கரை, ஃபர்ஃபுரல் என்ற திரவ ரசாயனமாகும். இது ஒன்றும் புதிதல்ல. குவேக்கர் ஓட்ஸ் நிறுவனம் 1920-களிலேயே ஓட்ஸ் உமியிலிருந்து ஃபர்ஃபுரல் விற்றது. டூபாண்ட் ஒரு காலத்தில் அதை வைத்து நைலானுக்கான மூலப்பொருள் செய்தது. பிறகு மலிவான பெட்ரோலியம் வந்து அதை ஓரங்கட்டியது.

அப்புறம் லிக்னின். மரத்தை நிமிர்த்தி வைக்கும் இந்தப் பொருளைக் காகித ஆலைகள் பெரும்பாலும் கொதிகலனில் எரிக்கின்றன, ஏனென்றால் சூட்டில் அதன் துண்டுகள் தமக்குள் ஒட்டிக்கொண்டு எதற்கும் உதவாமல் போகும். டூமெசிக்கோடு வேலை செய்த ஜெரமி லூட்டர்பாக்கர் சுவிட்சர்லாந்தின் லோசான் தொழில்நுட்பக் கழகத்துக்குப் போனபின், ஃபார்மால்டிஹைடு சேர்த்தால் அந்த ஒட்டுதல் நின்றுவிடும் என்று 2016-இல் காட்டினார். பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் பெர்ட் செல்ஸ் குழு வேறு விதமாகப் போனது: ஹைட்ரஜனும் வினையூக்கியும் வைத்து, லிக்னின் வெளியே வரும்போதே அதை உடைத்து நிலைப்படுத்துவது. 2020-இல் அவர்கள் வெளியிட்ட கணக்கில் பிர்ச் மரத்தின் எடையில் 78 சதவீதம் பயனுள்ள பொருளானது: லிக்னினிலிருந்து ஃபீனால், புரோப்பிலீன், அச்சு மைக்கான பொருள், மீதியில் கூழ், அதிலிருந்து எத்தனால்.

பயனுள்ள பொருளின் அளவில் இதை மற்ற இரண்டு வழிகளும் நெருங்கவில்லை. ஆனாலும் நான் உடனே கை தட்ட மாட்டேன். பிர்ச் சுத்தமான மரம், கழிவு அல்ல. நெல் வைக்கோலில் சாம்பலே எடையில் 15 சதவீதத்தைத் தாண்டும், பெரும்பாலும் சிலிக்கா; அதை லிக்னின் முறையின் அழுத்தக் கலனுக்குள் விட்டால் குழாயும் வினையூக்கியும் என்ன பாடுபடும்? சுடும் வழி இந்த விஷயத்தில் கொஞ்சம் சகிப்புத்தன்மை உள்ளது, என்றாலும் சாம்பலிலுள்ள பொட்டாசியம் அங்கேயும் எண்ணெயைக் குறைத்துக் கரியைக் கூட்டும்.

கலந்தடித்த நகர்ப்புற மரக்கழிவு என்றால் சுடுவதுதான் சரி. சக்கை, மக்காச்சோளக் கதிர்த் தண்டு மாதிரி ஐந்து கார்பன் சர்க்கரை அதிகமுள்ளவற்றுக்கு ஃபர்ஃபுரல் பக்கம்தான் என் ஓட்டு. லிக்னின் முறையை மர ஆலைக்குப் பக்கத்தில் வைக்கலாம். எத்தனால், அரசு கொள்முதல் இருக்கும் இடத்தில் மட்டும்.

இந்தக் கணக்குகள் எல்லாவற்றிலும் கழிவு மலிவு என்ற அனுமானம் ஒளிந்திருக்கிறது. நம்மூர் சர்க்கரை ஆலைகள் சக்கையை எரித்து மின்சாரம் எடுக்கின்றன; கரூர் புகளூரில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் அதில் காகிதம் செய்கிறது. ஃபர்ஃபுரல் ஆலை போடுகிறவர் இந்த இருவரையும் விட அதிக விலை கொடுத்துத்தான் சக்கையை வாங்க வேண்டியிருக்கும்.