சீஷத்துவ வகுப்புக்கு எந்த பைபிள்?

திடப்படுத்தல் வகுப்பு (சபையில் முழு உறுப்பினராகும் முன் பிள்ளைகள் படிக்கும் சீஷத்துவ வகுப்பு) எடுப்பவர்கள் 1871-இல் வெளிவந்த ஹென்றி பவரின் தமிழ் பைபிள் மொழிபெயர்ப்பையும் 1995-இன் பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. ஒன்று மட்டும் போதாது.

லூக்கா 14:26-ஐ எடுங்கள். பவரில் தகப்பனையும் தாயையும் ‘வெறுக்காவிட்டால்’ சீஷனாக முடியாது, பிள்ளைகள் அதிர்ந்துபோவார்கள். திருவிவிலியமோ ‘என்னைவிட மேலாகக் கருதினால்’ என்று தணிக்கிறது. கிரேக்கத்தில் இருப்பது ‘வெறு’ என்ற சொல்தான். ஆனால் அது எபிரேய வழக்கில் ‘இரண்டாம் இடம் கொடு’ என்பதற்கு நெருக்கம். தகப்பனையோ தாயையோ ‘என்னிலும் அதிகமாய் நேசிக்கிறவன்’ என்று சொல்லும் மத்தேயு 10:37-ஐ உடனே வாசித்தால் விளங்கிவிடும். திருவிவிலியம் விளக்கத்தையே மொழிபெயர்ப்பாக்கிவிட்டது, அழைப்பின் கூர் மழுங்குகிறது.

மாற்கு 1:15-இல் நிலைமை தலைகீழ். பவரின் ‘சுவிசேஷத்தை விசுவாசியுங்கள்’ கேட்டுக் கேட்டுத் தேய்ந்த தொடர். திருவிவிலியத்தின் ‘நற்செய்தியை நம்புங்கள்’ புதிதாக வருபவருக்கு நேராகப் போய்ச் சேரும். அதற்கு ஐந்து வசனம் தள்ளி, யாக்கோபும் யோவானும் தகப்பன் செபெதேயுவைக் கூலியாட்களோடு படகில் விட்டுப் போவதைத் தவறாமல் வாசியுங்கள். அவர் தனியாக விடப்படவில்லை.

பைபிள் தாள் மெல்லியது, ஜெல் பேனா மறுபக்கம் ஊறும். குறிப்பெழுத பென்சில் கொடுங்கள்.