தனியாகவா, கூட்டாகவா, கம்பெனியாகவா: ஓர் ஊறுகாய்த் தொழிலை முன்வைத்து

போச்சம்பள்ளிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் மாமனும், கையில் கொஞ்சம் பணம் சேர்த்திருக்கும் மச்சானும் சேர்ந்து மாங்காய் ஊறுகாய்த் தொழில் தொடங்க முடிவு செய்து, கணக்கு எழுதும் என்னிடம் வந்தார்கள். "அண்ணா, பிரைவேட் லிமிடெட் கம்பெனி போட்டுடலாமா?" என்பதுதான் மச்சானின் முதல் கேள்வி. பெயர்ப்பலகையில் அந்தச் சொற்கள் இருந்தால் வங்கியில் மதிப்புக் கூடும் என்ற எண்ணம் கிருஷ்ணகிரி வட்டாரத்தில் பலருக்கு உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை.

ஒருவரே முதலாளியாக இருக்கும் தனியுரிமைத் தொழில்தான் இருப்பதில் எளியது. அதற்கெனத் தனிச் சட்டமோ தனி பான் எண்ணோ கிடையாது. சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவை ஆதாரையும் பான் எண்ணையும் வைத்துக் கட்டணமின்றி நாமே செய்துகொள்ளலாம். பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை என்பதும் உண்மையே, ஆனால் எல்லையோர மாவட்டத்துக்காரர்கள் பலர் இடறுவது இந்த இடத்தில்தான். பச்சை மாங்காயாக விற்றால் வரி இல்லை. அதே மாங்காயை ஊறுகாயாக்கி எல்லை ஊரான ஜூஜூவாடியைத் தாண்டி, கர்நாடகத்தின் அத்திப்பள்ளிக் கடைக்கு ஒரு பெட்டி அனுப்பினாலும் அது மாநிலங்களுக்கு இடையிலான விற்பனை ஆகிவிடுவதால், விற்றுமுதல் எவ்வளவு குறைவாக இருந்தாலும் பதிவு கட்டாயம். விற்றுமுதலில் 1 விழுக்காடு மட்டும் ஜி.எஸ்.டி. கட்டும் இணக்க வரித் திட்டத்தில் (காம்போசிஷன்) இருப்பவர் வெளிமாநிலத்துக்கு விற்கவே கூடாது. பெங்களூரு சந்தையை நம்பித் தொடங்குபவர் எந்த அமைப்பைத் தேர்ந்தாலும் இந்த விதியிலிருந்து தப்ப முடியாது.

இருவர் சேரும்போது நம் ஊரில் சர்வசாதாரணமாக நடப்பது, மச்சான் பெயரில் பதிவு, மாமன் பணம், வாய்ப்பேச்சில் பங்கு என்ற ஏற்பாடு. ஒருவர் பெயரில் இருந்தால் வருமான வரி அடுக்கு முறையில் வரும், புதிய முறையில் 12 லட்சம் வரையிலான வருமானத்துக்கு வரியே கட்ட வேண்டியதில்லை, கூட்டு நிறுவனமோ லாபத்தில் முதல் ரூபாயிலிருந்தே 30 விழுக்காடு கட்ட வேண்டும் என்ற கணக்கு அதன் பின்னால் இருக்கிறது. கணக்கில் தவறில்லை. ஆனால் மச்சானுக்கு ஏதாவது நேர்ந்துவிட்டால், வங்கி இருப்பும் சரக்கும் அவருடைய வாரிசுகளுக்குத்தான் போகும். தாம் போட்ட பணத்துக்கு மாமன் கையில் துண்டுச் சீட்டுகூட இருக்காது.

கூட்டாண்மை 1932-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடப்பது. முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதினாலே கூட்டு உருவாகிவிடும், பதிவு செய்வது கட்டாயமில்லை என்பதால் பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். என் சித்தப்பாவும் அப்படித்தான் நிறுத்தினார். யாரோ ஒருவருடைய பழைய பத்திரத்தை ஜெராக்ஸ் எடுத்துப் பெயரை மட்டும் மாற்றி எழுதிய இரண்டு பக்கம் அது. வெளியூர் வியாபாரி ஒருவர் பணத்தை இழுத்தடித்தபோது வழக்குப் போடப் போனால், பதிவு செய்யாத கூட்டு நிறுவனம் ஒப்பந்தப் பாக்கிக்காக வழக்குத் தொடர முடியாது என்று சட்டத்தின் 69-ஆவது பிரிவைக் காட்டினார் வழக்கறிஞர். பதிவு செய்துவிட்டு வழக்குப் போடலாம்தான். ஆனால் அதற்குள் மூன்றாண்டுக் காலவரம்பு முடிந்துபோயிருந்தது. இத்தனைக்கும், பிறர் நம்மீது வழக்குப் போட அந்தப் பிரிவு தடையில்லை. மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் ஒருமுறை பதிந்துவிட்டால் தீர்ந்துவிடும் சங்கடம் இது.

எல்.எல்.பி. எனப்படும் வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மை, பிரைவேட் லிமிடெட் இரண்டிலும் பங்குதாரரின் பொறுப்பு அவர் போட்ட பணத்தோடு நின்றுவிடும் என்பது பெரிய கவர்ச்சி. ஆனால் சிறுதொழிலுக்குக் கடன் கொடுக்கும் வங்கி பெரும்பாலும் சொந்த ஜாமீனையும் கேட்டு வாங்கிக்கொள்வதால், அந்த மதிலில் பெரிய ஓட்டை விழுந்துவிடுகிறது. ஒரு புட்டிகூட விற்காத ஆண்டிலும் எல்.எல்.பி. இரண்டு படிவங்களைத் தாக்கல் செய்தாக வேண்டும். கம்பெனிக்கோ விற்றுமுதல் எவ்வளவாக இருந்தாலும் தணிக்கை கட்டாயம். இதைவிட முக்கியமானது, 2 கோடி ரூபாய் வரை விற்றுமுதல் உள்ள தனியுரிமையாளரும் கூட்டாண்மையும் விற்பனையில் 8 விழுக்காட்டை, வங்கி வழியாக வந்த தொகைக்கு 6 விழுக்காட்டை, லாபமாகக் காட்டி வருமான வரியை எளிதாக முடித்துக்கொள்ளும் வசதி. அது எல்.எல்.பி.க்கும் கம்பெனிக்கும் இல்லை. வெளியாள் முதலீடு செய்ய வரும்வரை கம்பெனி தேவையில்லை என்பது என் கருத்து.

பிறகு மாற்றிக்கொள்ளலாமே என்றார் மச்சான். மாற்றலாம், ஆனால் தனியுரிமையிலிருந்து கூட்டுக்குப் போனால் பான், ஜி.எஸ்.டி., உணவுப் பாதுகாப்புப் பதிவு, வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் புதிதாக வாங்க வேண்டும், லேபிளையும் திரும்ப அச்சடிக்க வேண்டும்.

கடைசியில் பதிவு செய்த கூட்டாண்மையே முடிவாயிற்று. கொட்டகை மாமனுடைய அப்பா பெயரில் இருந்ததால், ஜி.எஸ்.டி. விண்ணப்பத்துக்கு மின் கட்டண ரசீதோடு அவருடைய சம்மதக் கடிதமும் வாங்கினோம். லாபப் பங்கைப் பத்து நிமிடத்தில் பேசி முடித்தவர்கள், மாமன் தோப்பு மாங்காயை நிறுவனம் என்ன விலைக்கு வாங்குவது, சந்தை விலைக்கா அதற்குக் கீழா, என்பதில் ஒரு மாலைப்பொழுதைக் கழித்தார்கள். ஒப்பந்தத்தில் மிக நீளமாக எழுதப்பட்ட பத்தி அதுதான்.