மகாமகக் குளம் பக்கத்து கம்ப்யூட்டர் சர்வீஸ்: தைரியமாகப் போகலாம், மதியத்தில் மட்டும் வேண்டாம்

பாபநாசத்தில் உரக்கடை வைத்திருக்கிறேன். குறுவை நடவு நேரம், கடையில் நிற்க இடமில்லை, அப்போது பார்த்து ஒரு பெரியவர் பில்லையும் போனையும் மாறி மாறிக் காட்டி, "தம்பி, நான் பணம் அனுப்பினது 10:42, நீ பில்லு போட்டது 10:30, பணம் வர்றதுக்கு முன்னாடியே பில்லா?" என்று கேட்டார். பில் போடும் கம்ப்யூட்டர் 12 நிமிடம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. கையால் சரி செய்தால் கொஞ்ச நாளில் மறுபடி பிந்தும்.

முதலில் பார்த்தவர் உள்ளே கடிகாரத்தை ஓட்டும் பேட்டரி போயிருக்கும் என்று சொல்லி சிஆர்2032 என்ற பட்டன் பேட்டரி ஒன்றை மாற்றிவிட்டுக் காசு வாங்கிப் போனார். ஒன்றும் மாறவில்லை. அப்புறம்தான் சி.பி.யூ.வை வண்டியில் கட்டிக்கொண்டு கும்பகோணம் போனேன். மாடியில் கடை, படி குறுகல், தூக்கிக்கொண்டு ஏறுவதற்குள் மூச்சு வாங்கிவிட்டது.

அங்கிருந்த பையன் திறக்கவே இல்லை. "பேட்டரி போனா, கரண்டை ஆஃப் பண்ணிப் போட்டதும் தேதியே பழைய வருஷத்துக்குப் போயிடும் அண்ணே, இது நாளைக்கு மூணு நாலு செகண்டா நழுவியிருக்கு, யாரும் திருத்தாம விட்டதுதான்" என்றான். விண்டோஸ் அவ்வப்போது நெட்டில் ஒரு டைம் சர்வரைக் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ளுமாம், அந்தக் கேள்வி போவது யுடிபி 123 என்ற போர்ட் (நெட் தகவல் போய்வரும் எண்ணிட்ட வாசல்) வழியாக. அவன் கடை நெட்டில் போட்டுப் பார்த்தும் பதில் வரவில்லை. "உங்க ரூட்டர் இங்க இல்லையே, இங்கயும் வரலைன்னா தடுக்கறது உள்ளேதான் இருக்கு." ஆன்டிவைரஸோடு வந்த, நெட்டில் எது போகலாம் வரலாம் என்று காவல் காக்கும் ஃபயர்வாலை ஒரு நிமிடம் நிறுத்தினான், நேரம் டக்கென்று குதித்து என் போனோடு ஒட்டிக்கொண்டது. எனக்கு அதுவே போதும், ஆனால் அவன் விடவில்லை, ஃபயர்வாலை மறுபடி ஆன் செய்து, வெளியே போகும் யுடிபி 123-க்கு மட்டும் அனுமதி கொடுத்து, டைம் சர்வீஸ் தானாகத் தொடங்கும்படி வைத்து, இரண்டு தடவை ரீஸ்டார்ட் செய்து காட்டினான். இந்திய நேரத்தைக் காக்கும் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் சர்வரையும் போட்டுக் கொடுத்தான்.

300 ரூபாய். பில் கேட்டால் துண்டுச் சீட்டில் எழுதித் தந்தான், அதுதான் குறை. மூன்று வாரம் ஆகிறது, விநாடி பிசகவில்லை. 1 மணிக்கு ஷட்டரை இறக்கினால் 4 மணிக்குத்தான் திறக்கிறார்கள், காலையிலேயே போய்விடுங்கள்.