ஆர்கேன், டோட்டா, காசில்வேனியா: விளையாடாத அக்காவுக்கு எதைப் போடுவது?

நான் எட்டு வருடமாக டோட்டா 2 என்ற கம்ப்யூட்டர் கேம் ஆடுகிறேன். என் அக்கா ஒருநாளும் கேம் பக்கம் வந்ததில்லை. போன வருடம் கைக்குழந்தையோடு எங்கள் வீட்டில் இரண்டு மாதம் தங்கியிருந்தபோது, "ராத்திரி பூரா உட்கார்ந்து ஆடுறியே, அதுல அப்படி என்னதான்டா இருக்கு? சீரியலா வந்திருக்காமே, ஒண்ணு போடு பார்ப்போம்" என்றாள்.

கேமிலிருந்து எடுத்த தொடர்கள் என் கணக்கில் மூன்று இருந்தன: டோட்டா: டிராகன்ஸ் பிளட், காசில்வேனியா, ஆர்கேன். விட்சரைச் சேர்க்கவில்லை. அது விளையாட்டால் பிரபலமானாலும், தொடராக எடுத்தது நாவல்களைத்தான்.

மூன்றுமே நெட்ஃபிளிக்ஸ், மூன்றுமே அனிமேஷன், மூன்றுமே பெரியவர்களுக்கானவை. வரைந்த அழகிலும் சண்டைக் காட்சியிலும் எதையும் குறை சொல்ல முடியாது. வரைந்த ஸ்டுடியோக்களான பாரிஸின் ஃபோர்டிச், கொரியாவின் ஸ்டுடியோ மிர், டெக்சாஸின் பவர்ஹவுஸ் எல்லாருமே கைதேர்ந்தவர்கள். நீளம் என்று பார்த்தால் ஆர்கேன் 18 எபிசோட், டோட்டா 24, காசில்வேனியா 32. இதையெல்லாம் வைத்து நான் முடிவு செய்யவில்லை. அக்கா எத்தனை தடவை "நிறுத்து, இது யாரு?" என்று கேட்டாள் என்பதை வைத்துத்தான் முடிவு செய்தேன்.

விளையாட்டைத் தொடராக்கும்போது சிக்கல் வருவது இந்த இடத்தில்தான். ஆடுகிறவனுக்கு ஒரு பாத்திரம் கை வழியாகப் பழக்கமாகியிருக்கும். அதன் குரல், நடை, எந்த நேரத்தில் எதைச் செய்யும் என்பதெல்லாம் நூற்றுக்கணக்கான மணி நேரத்தில் ஊறிப்போனது. ஆடாதவருக்கு அதில் ஒரு துளியும் இல்லை. அந்தப் பழக்கத்தைத் தொடர் முதலிலிருந்து உண்டாக்கித் தர வேண்டும்.

டோட்டாவைத்தான் முதலில் போட்டேன், பாசம். முதல் எபிசோடிலேயே ஐந்து தடவை நிறுத்தினோம். டிராகன்கள், அவற்றை வேட்டையாடும் வீரர்கள், டெரர்பிளேட் என்ற அரக்கன், நிலவுத் தெய்வம், திருடுபோன தாமரைகள் என்று கொஞ்ச நேரத்துக்குள் எல்லாம் வந்து விழுகிறது. இன்வோக்கர் திரையில் வந்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். விளையாட்டில் மூன்று கோளங்களை மாற்றி மாற்றிச் சேர்த்து பத்து மந்திரங்களை எடுக்கும் ஆள் அவர். அந்தச் சேர்க்கைகளைப் பழக எனக்கு ஒரு வருடம் ஆனது. அக்காவுக்கு அவர் யாரோ ஒரு மந்திரவாதி, அவ்வளவுதான். அப்புறம், மூன்றாம் பாகத்தில் உலகமே மாற்றி எழுதப்படுகிறது. பழைய உலகமே மனதில் பதியாதவருக்கு அந்த மாற்றம் எப்படி உறைக்கும்?

ஆனால் ஒன்று கவனித்தேன். அக்காவுக்கு மிகவும் பிடித்தது மார்சியை. மிரானா என்ற இளவரசியின் துணையாக வருபவள். பேசமாட்டாள், விசில் மட்டும்தான். ஆனால் அடித்தால் இடி. தொடர் 2021 மார்ச்சில் வந்தபோது மார்சி விளையாட்டிலேயே கிடையாது. தொடருக்காக உருவாக்கி, அதே வருடம் அக்டோபரில்தான் விளையாட்டில் சேர்த்தார்கள். ஆக, அக்காவைப் பிடித்து உட்காரவைத்தவள் விளையாட்டிலிருந்து வந்தவளே இல்லை. அவளை எழுதியவர்கள், யாருக்கும் இவளைத் தெரியாது என்ற நினைப்போடு எழுதியிருக்கிறார்கள்.

காசில்வேனியாவில் அக்கா ஒருமுறைகூட நிறுத்தவில்லை. மூல விளையாட்டு 1989இல் வந்த மூன்றாம் பாகம். அதில் கதை என்று இருந்தது சில வரிதான்: டிராகுலா நாட்டைச் சூறையாடுகிறான், சாட்டையோடு டிரெவர் பெல்மாண்ட் கிளம்புகிறான். அந்தச் சில வரிக்கு முன்னால் தொடர் ஒரு பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. லீசா டிராகுலாவின் கோட்டைக் கதவைத் தட்டி, எனக்கு மருத்துவம் கற்றுக்கொடு என்கிறாள். அவளைச் சூனியக்காரி என்று எரிக்கிறார்கள். அதன் பிறகு டிராகுலாவின் கோபத்துக்கு விளக்கம் தேவைப்படவில்லை. விளையாட்டில் டிரெவரோடு மூன்று கூட்டாளிகள் உண்டு. அதில் கிராண்ட் என்பவரைத் தொடரில் மொத்தமாக விட்டுவிட்டார்கள். நல்ல முடிவு. இருக்கும் மூவரும் ஒருவரோடொருவர் சண்டை போட இடம் கிடைத்தது. இந்த விளையாட்டுகளில் சிம்பொனி ஆஃப் தி நைட் ஒன்றைத்தான், அதுவும் போனில், ஆடியிருக்கிறேன். அதனால் பழைய ரசிகர்கள் கிராண்டுக்காக வருந்தினால் மறுத்துப் பேச எனக்குத் தகுதியில்லை.

முதல் சீசன் நாலே எபிசோட் என்பது இன்னொரு வசதி. ஆனால் ரத்தமும் குடலும் தாராளம். அக்கா சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து போய்விட்டாள்.

மூன்றாவதாக ஆர்கேன். அதன் மூல விளையாட்டான லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் டோட்டாவுக்கு நேர்ப் போட்டி, நான் மூன்று வாரம் ஆடிவிட்டு விட்டது. 160க்கும் மேற்பட்ட பாத்திரங்கள் உள்ள விளையாட்டு அது. அத்தனை பேரை வைத்துக்கொண்டு, ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு நகரம், அந்தப் பக்கம் அதன் அடிநகரம், நடுவில் இரண்டு சகோதரிகள் என்று கதையைச் சுருக்கிப் பிடித்தார்களே, அந்தத் தைரியம் மற்ற இரண்டிலும் இந்த அளவுக்கு இல்லை.

தொடக்கத்தைச் சொல்கிறேன். பாலத்தில் கலவரம், புகை. இரண்டு சிறுமிகள் கைகோத்து நடந்து வருகிறார்கள். சின்னவள் கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறாள். பெற்றோர் செத்துக் கிடக்கிறார்கள். காவலர்களை அடித்துக்கொண்டிருந்த வாண்டர் என்ற முரடன் பிள்ளைகளைப் பார்க்கிறான். கையில் மாட்டியிருந்த இரும்புக் கையுறைகளைக் கழற்றிப் போட்டுவிட்டு, இருவரையும் தூக்கிக்கொண்டு நடக்கிறான். லீக் ஆடியவருக்கு ராட்சதக் கையுறை என்றாலே வை (Vi) என்ற பாத்திரம்தான், அவளுடைய ஆயுதம் அது. அந்தச் சிறுமிகளில் மூத்தவள்தான் இந்த வை. அக்காவுக்கு அது ஒருவன் பிள்ளைகளுக்காகக் கீழே போட்ட சண்டை. மூன்றாம் எபிசோடில் வை அந்தக் கையுறைகளை மாட்டும்போது இருவருக்கும் ஒரே நேரத்தில் உடம்பு சிலிர்க்கும்.

பெயரும் அப்படித்தான். விளையாட்டில் ஜின்க்ஸ் என்றால் நீல ஜடை போட்ட, குண்டு வீசிச் சிரிக்கும் பெண். 2013 முதல் அவள் பெயர் அதுதான், ஏன் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. தொடரில் அவள் பவுடர், பாலத்தில் பாடிய அந்தச் சின்னவள். தொட்டதெல்லாம் விபரீதமாவதால் கூட்டாளிப் பையன் அவளை ராசியில்லாதவள் என்ற பொருளில் ஜின்க்ஸ் என்கிறான். அக்காவான வை அவளுக்காகப் பரிந்து நிற்கிறாள். மூன்றாம் எபிசோட் முடிவில், எல்லாம் பறிபோன நேரத்தில், அந்த வார்த்தையை வை தன் வாயாலேயே சொல்லிவிடுகிறாள். என் அக்கா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் அசையவில்லை. "அவளே சொல்லிட்டாளேடா" என்றாள். நிறுத்திக் கேட்க அவளிடம் எதுவும் இல்லை.

இங்கேயும் நெஞ்சில் நிற்கும் வில்லன் சில்கோ விளையாட்டிலிருந்து வந்தவன் இல்லை. மார்சி போலவே.

2024 நவம்பரில் வந்த இரண்டாம் சீசனை அதே உறுதியோடு சொல்ல மாட்டேன். நாக்ஸஸ் என்ற நாடு, பிளாக் ரோஸ் என்ற ரகசியக் கூட்டம் என்று வெளியுலகம் உள்ளே வர, அக்கா மறுபடி ரிமோட்டைத் தேட ஆரம்பித்தாள். இரண்டு நகரங்களின் சண்டை அவசரமாக ஓரம் கட்டப்பட்டது. ஒன்பது எபிசோடில் பதினைந்துக்கான கதை. இருந்தும் யாராவது என்னிடம் கேட்டால் ஆர்கேனைத்தான் முதலில் சொல்வேன். ரத்தம் பரவாயில்லை என்பவருக்கு அடுத்ததாகக் காசில்வேனியா. டோட்டா ஆடியவருக்கு மட்டும் டோட்டா என்றுதான் இருந்தேன்.

ஊருக்குப் போன பிறகு அக்கா டோட்டாவை விட்ட இடத்திலிருந்து தானாகவே தொடர்ந்து பார்க்கிறாள், மார்சிக்காக. இன்வோக்கர் வரும்போதெல்லாம் எனக்கு போன் வருகிறது.