ஹெட்டைக் கழற்றாமலே சூட்டுக்குக் காரணம் கண்டுபிடித்த பட்டறை

தூத்துக்குடி மீன்பிடி துறைமுகத்தில்தான் எங்கள் விசைப்படகு கட்டிக் கிடக்கிறது. அப்பா நடத்திய தொழிலை இப்போது நான் பார்க்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அந்த இரண்டு மாதத்தில் படகைக் கரையேற்றி, பலகை மாற்றி, பெயின்ட் அடித்து, வலைக்கும் செலவு செய்து, கையில் இருந்ததெல்லாம் தீர்ந்த பிறகுதான் கடலுக்குப் போனோம். தடை முடிந்த முதல் வாரத்து மீனை நம்பித்தான் அத்தனை கடனும் வாங்கியிருந்தோம். மூன்றாம் நாளே இன்ஜின் சூடாகத் தொடங்கியது.

மெதுவாக ஓடும்போது ஒன்றும் இல்லை, சூடு காட்டும் முள் 85 டிகிரியில் நின்றது. மடியை (இழுவலையை) இறக்கி இழுக்க ஆரம்பித்த கால் மணி நேரத்தில் நூறைத் தாண்டியது. ஆக்சிலேட்டரைக் குறைத்தால் இறங்கியது. பாதித் தொழிலோடு திரும்பி வந்தோம். டீசலும் ஐஸும் போட்ட காசு கூட வரவில்லை.

முதலில் பார்த்த மெக்கானிக் யார் என்று சொல்ல விரும்பவில்லை. கூலன்ட் ஓட்டத்தைச் சூட்டுக்கு ஏற்பத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்தார், கடல் தண்ணீர் பம்ப்பில் சுற்றும் ரப்பர் சக்கரமான இம்பெல்லரைப் புதிதாகப் போட்டார். அப்படியும் சூடு அடங்கவில்லை. உடனே, "ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு, ஹெட்டை இறக்கணும்" என்றார். இன்ஜினின் மேல் மூடிதான் ஹெட்; அதற்கும் கீழ்ப்பாகத்துக்கும் நடுவில் கசியாமல் இருக்கப் போடும் தகடு கேஸ்கெட். தொண்ணூறாயிரம் ரூபாய், பத்து நாள். அன்று இரவு நான் தூங்கவில்லை.

அடுத்த படகுக்காரர் சொல்லித்தான் இந்தப் பட்டறைக்குப் போனேன். போர்டு கிடையாது. பெயரை எங்கும் போட வேண்டாம் என்று பட்டறை அண்ணாச்சியே கேட்டுக்கொண்டார், அதனால் போடவில்லை. துறைமுக வாசலில் "தண்ணி வாளி வச்சுப் பார்க்கிற மெக்கானிக்" என்று கேட்டாலே வழி காட்டுவார்கள். அந்த வாளிக்குக் காரணம் அப்புறம் வருகிறது.

படகுக்குள் வந்தவர் ஸ்பேனரை எடுக்கவே இல்லை. மீன் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, "தம்பி, நீங்க இருங்க, டிரைவரைக் கூப்பிடுங்க" என்றார். சூடு படிப்படியாக ஏறுகிறதா, திடீரென்று எகிறுகிறதா? கூலன்ட் (இன்ஜினுக்குள் சுற்றிச் சூட்டை எடுக்கும் தண்ணீர்) குறைகிறதா? புகை வெள்ளையாக வருகிறதா? இழுக்கும்போது மட்டும்தானா? அரை மணி நேரம் கேள்விதான். எனக்கு அந்த நேரம் எரிச்சலாகத்தான் இருந்தது. பாதி வேலை அந்தக் கேள்விகளிலேயே முடிந்துவிட்டது என்று இப்போது புரிகிறது.

முதலில் ஹெட் கேஸ்கெட் சந்தேகத்தைத் தீர்த்தார். இன்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போது கூலன்ட் டேங்க் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யச் சொன்னார். கேஸ்கெட் போயிருந்தால் பெரும்பாலும் உள்ளே குமிழ் குமிழாக வரும். வரவில்லை. டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் மாதிரி கலங்கவில்லை. கூலன்ட்டும் குறையவில்லை. "இத்தனையும் சரியா இருக்கும்போது ஹெட்டை எதுக்கு இறக்கணும்?" என்றார். தொண்ணூறாயிரம் ரூபாய் வைத்தியம் பத்து நிமிடத்தில் தேவையில்லாமல் போனது. (சூடாக இருக்கும்போது அந்த மூடியைத் தொடவே கூடாது. கொதிக்கும் தண்ணீர் முகத்தில் அடித்துவிடும்.)

அடுத்தது, துப்பாக்கி மாதிரி இருக்கும் வெப்பமானி. பளபளப்பான உலோகத்தில் அது தப்பான அளவு காட்டும் என்று, அளக்கும் இடங்களில் கறுப்பு டேப் ஒட்டிவிட்டு அளந்தார். மீட்டரில் இருக்கும் முள் பொய் சொல்லவில்லை, இன்ஜின் நிஜமாகவே சூடாகிறது என்று அதில் உறுதியானது. சில படகுகளில் சென்சார் மட்டும் கெட்டிருக்குமாம்.

இப்போது வாளி. கூலன்ட் ஆறுகிற கூலரைக் கடல் தண்ணீர் குளிர வைத்துவிட்டு வெளியே கொட்டும் இடத்தில் இருபது லிட்டர் வாளியைப் பிடிக்கச் சொல்லி, போனில் நேரம் பார்த்தார். ஐடிலில் நிரம்ப 30 விநாடி. 1500 ஆர்.பி.எம்-மில் 28 விநாடி. அவர் முகம் மலர்ந்துவிட்டது. இம்பெல்லர் பம்ப் இரண்டு மடங்குக்கு மேல் வேகமாகச் சுற்றும்போது தண்ணீரும் ஏறக்குறைய அந்த அளவுக்குக் கூட வேண்டும், வாளி 13 விநாடியில் நிரம்ப வேண்டும் என்று விளக்கினார். அப்படியானால் எங்கோ அடைப்பு.

சரி, கூலருக்கு உள்ளேயா, வெளியேயா? படகைத் தடித்த கயிற்றில் கட்டி, அது நகராத நிலையிலேயே கியர் போட்டு இன்ஜினுக்குப் பாரம் கொடுத்தார். கடல் தண்ணீர் உள்ளே போகும்போது 29 டிகிரி, வெளியே வரும்போது 52. கூலர் குழாய்களில் உப்புப் படிந்து சூடு கடத்தாமல் போயிருந்தால் வெளியே வரும் தண்ணீர் இவ்வளவு சூடாக இருக்காது, சூடு இன்ஜினிலேயே தங்கிவிடும். இங்கே கூலர் தன் வேலையைச் செய்கிறது, அதற்கு வந்து சேரும் தண்ணீர்தான் போதவில்லை. இதை அவர் சொன்னபோது எங்கள் டிரைவர் கையெடுத்துக் கும்பிட்டார். இருபது வருடமாகப் படகு ஓட்டுகிறவர் அவர்.

ஒரு பையனைக் குதிக்கச் சொல்லி படகின் அடியில் கடல் தண்ணீர் உள்ளே வரும் சல்லடையைத் தடவிப் பார்க்க வைத்தார். கொட்டலசு (படகில் ஒட்டி வளரும் சிப்பி மாதிரி உயிரி) இல்லை, பெயின்ட் அடித்தவர்கள் ஓட்டையை அடைத்திருக்கவும் இல்லை. உள்ளே வடிகட்டியும் சுத்தம். அப்புறம் பம்ப்பின் உறிஞ்சு குழாயைக் கழற்றிவிட்டு, வேறொரு கம்பி வைத்த ஹோஸை மாட்டி, அதன் மறுமுனையைக் கடல் தண்ணீர் நிரப்பிய டிரம்மில் போட்டார். வாளி 13 விநாடியில் நிரம்பியது.

கழற்றிய ஹோஸ் வெளியே புதுசு மாதிரி இருந்தது. நானே தடைக்காலத்தில் அதைத் தொட்டுப் பார்த்து, "நல்லாத்தான இருக்கு" என்று விட்டிருந்தேன். நீளவாக்கில் கிழித்துக் காட்டினார். உள் ரப்பர் ஒரு பக்கம் பிரிந்து நாக்கு மாதிரி தொங்கியது. மெதுவாக ஓடும்போது அது சுவரோடு ஒட்டிக் கிடக்கும். பம்ப் வேகமாக உறிஞ்சினால் எழுந்து வழியை அடைக்கும். அதனால்தான் இழுக்கும்போது மட்டும் சூடு. இரண்டு மாதம் தண்ணீர் இல்லாமல் வெயிலில் காய்ந்ததில் உள்பசை விட்டிருக்கும் என்பது அவர் கணிப்பு.

தெர்மோஸ்டாட்டையும் புதிதாகப் போட வைத்தார். அதைக் கழற்றினால் சூடு குறையும் என்று நம் ஆட்கள் பலர் நினைக்கிறோம். சில இன்ஜின்களில் அது இல்லாவிட்டால் ஒரு பங்கு சூடான தண்ணீர் கூலர் பக்கம் போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும் என்றார். கூலரின் மூடியைத் திறந்தபோது பழைய இம்பெல்லரின் மூன்று ரப்பர் துண்டுகள் கிடந்தன. புது இம்பெல்லர் போட்டவர் பழையதில் உடைந்த துண்டுகள் எங்கே போயின என்று தேடவே இல்லை. உப்புத் தண்ணீர் மற்ற உலோகத்தை அரிக்காமல் இருக்க, தான் கரைகிற துத்தநாகக் கட்டியும் கரைந்து ஒன்றுமில்லாமல் போயிருந்தது.

ஹோஸ், கிளிப், தெர்மோஸ்டாட், துத்தநாகம், கூலன்ட் எல்லாம் சேர்த்து 6,400 ரூபாய். அவர் கூலி 4,000. ஒன்றரை நாள் வேலை. மறுநாள் கச்சான் காற்று (மேற்கிலிருந்து வீசும் காற்று) பலமாக இருந்தும் முழு மடி இழுத்தோம். முள் 84-ஐத் தாண்டவில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். போனை எடுக்க மாட்டார், நேரில்தான் போக வேண்டும். ஜூன் மாதக் கூட்டத்தில் இரண்டு நாள் காத்திருந்தேன், அந்த இரண்டு நாளும் எங்களுக்குப் பெரிய நஷ்டம். பில் தருவதில்லை, கணக்கு எழுதுகிறவர்களுக்குச் சிரமம்தான். கூட வந்த பையன் பழைய கூலன்ட்டைப் படகின் அடியிலேயே கொட்டிவிட்டுப் போனான், அதை நாங்கள்தான் இறைத்தோம். உதிரிப் பாகம் எதுவும் அவரிடம் இருக்காது, வெளியே ஓடி வாங்கித் தர வேண்டும்.

போகிறவர்கள் காலை ஆறரைக்குள் போய்விடுங்கள், அதற்கு மேல் யாராவது ஒரு படகுக்குள் இறங்கிவிடுவார். டிரைவரைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். உரிமையாளர் மட்டும் போனால், டிரைவரோடு வரச் சொல்லித் திருப்பி அனுப்புகிறார்.